அப்பாவிடம் ரிப்போர்ட்டை மறைக்கலாமா? புராஸ்டேட் கேன்சரும் ராத்திரி நடையும்

கேள்வி: குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்து மகன், 2023 ஜூன் 11

அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் (ஆண்களின் மூத்திரப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) கேன்சர், எலும்புக்குப் பரவியிருக்கிறது என்று பிப்ரவரியில் சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, தினமும் மாத்திரை. நான் மஸ்கட்டில் வேலை. ரத்தப் பரிசோதனை நாள் நெருங்கினால் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது, ராத்திரி முழுக்க வராந்தாவில் நடை. கவலைப்பட்டால் ரத்தப் பரிசோதனையில் வருகிற பி.எஸ்.ஏ. நம்பர் ஏறும், அதனால் நம்பரைச் சொல்லாதே, எல்லாம் நார்மல் என்று சொல்லிவிடு என்கிறார் மாமா. அம்மாவும் அதே பக்கம். செய்யலாமா? இந்த நோயோடு இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தக்கலை பழைய டிரைவர், ஜூன் 11, இரவு

மறைக்காதீர்கள் தம்பி. எங்கள் வீட்டில் அதைச் செய்து பார்த்தார்கள். சதை எடுத்துப் பார்த்த பயாப்சி ரிப்போர்ட் வந்த அன்று மகள் கவரை வாங்கி, பீரோவில் அவள் அம்மாவின் புடவைக்கு அடியில் வைத்துவிட்டாள். எனக்கு சுகர் உண்டு, கட்டன் சாயாவில் சீனி கிடையாது. அன்று சாயங்காலம் சீனி போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

அப்புறம் அந்தக் கவருக்குள் என்ன இருக்கும் என்று நானே எழுத ஆரம்பித்தேன். ஓணம் வரை தாங்காது, இடுப்பு ஒடிந்து கிடப்பேன், மகள் வேலையை விடுவாள், தோட்டத்தை விற்க வேண்டி வரும். ஒரு பெரிய கதையே ஓடியது. கடைசியில் டாக்டர் வாயாலேயே கேட்டேன். பி.எஸ்.ஏ. 212, ரொம்ப அதிகம். கேன்சர் எவ்வளவு மூர்க்கம் என்று காட்டுகிற கிளீசன் நம்பர் 4+4, மூர்க்கமான வகை. இடுப்பெலும்பிலும் முதுகிலும் சில இடங்கள். முழுசாகக் குணமாக்க முடியாது, கட்டுக்குள் வைக்க ஒன்றுக்கு மேல் ஒன்றாக மருந்து இருக்கிறது. கேட்க நன்றாகவா இருந்தது? இல்லை. ஆனால் நான் எழுதின கதையைவிட எவ்வளவோ தேவலை.

உங்கள் அப்பா வராந்தாவில் நடக்கிறார் என்றால் அவருக்குத் தெரியும். நீங்கள் மஸ்கட்டிலிருந்து நார்மல் என்று சொன்னால் ஒன்று நம்ப மாட்டார், அல்லது நம்பிவிட்டு மாத்திரையை நிறுத்துவார். இரண்டாவது இன்னும் மோசம்.

ஜூன் 12, காலை

மாமா சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் இதைச் சொன்னவர்கள் உண்டு. டாக்டரிடமே கேட்டேன். அப்படியானால் என் நோயாளிகள் எல்லாருக்கும் ஆயிரத்தைத் தாண்டியிருக்குமே என்று சிரித்தார்.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் ரத்தத்தில் விடுகிற ஒரு புரதம். நோய் வளர்ந்தால் ஏறும். மூத்திரத்தில் கிருமி இருந்தாலும், ஒண்ணுக்குப் போக டியூப் போட்டிருந்தாலும்கூட ஏறலாம். அதனால் ஒரு தடவை கொஞ்சம் ஏறியதும் டாக்டர் மருந்தை மாற்றுவதில்லை. சில வாரம் விட்டு மறுபடி எடுப்பார், ஏறுகிற வேகத்தைப் பார்ப்பார், ஸ்கேனையும் ஆள் எப்படி இருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்ப்பார். பழைய வண்டியில் ரேடியேட்டர் முள் ஒரு தடவை ஏறினதும் ஆளையெல்லாம் நடுரோட்டில் இறக்கிவிட மாட்டோம், முள்ளைப் பார்த்துக்கொண்டே அடுத்த ஸ்டாப் வரை போவோம். அந்த மாதிரி.

மாமா மேல் எனக்குக் கோபம் வருவது வேறு காரணத்துக்கு. நோய் வந்தது போதாதா, தூக்கம் போனது போதாதா, அதற்கு மேல் "நீ கவலைப்பட்டுத்தான் ஏறிப்போச்சு" என்ற பழியையும் அந்த மனுஷர் சுமக்க வேண்டுமா?

ஜூன் 12, மதியம்

எப்போதும் ஒரே லேபில் எடுங்கள். ஒரு தடவை நாகர்கோவில், ஒரு தடவை மார்த்தாண்டம் என்று மாற்றினால் மெஷின் மாறும், நம்பரும் கொஞ்சம் மாறும். அந்தக் கொஞ்சத்துக்கு வீட்டில் ஒரு வாரம் யாரும் தூங்க மாட்டீர்கள்.

ஜூன் 15

டெஸ்ட் வாரத்தை எப்படி ஓட்டுகிறீர்கள் என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். ரகசியம் ஒன்றும் இல்லை, இங்கேயே எழுதுகிறேன்.

முதல் வேலை, காத்திருக்கிற நாளைக் குறைப்பது. முன்பெல்லாம் டாக்டரைப் பார்ப்பதற்குப் பத்து நாள் முன்னாலேயே ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது எவ்வளவு நெருக்கி எடுக்கலாம் என்று கேட்டு, முந்தின நாள் எடுக்கிறேன். லேபுக்காரர்கள் ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்புவார்கள். அந்த நேரத்தில் அதைப் பார்த்து என்ன செய்ய? டாக்டரும் இல்லை, விடியவும் இல்லை. அதனால் மகள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அவளும் திறக்க மாட்டாள். காலையில் டாக்டர் மேசையில்தான் திறப்பு விழா.

அதாவது, நம்பரை அப்பாவிடம் சொல்லுங்கள், ராத்திரியில் சொல்லாதீர்கள். இந்த இரண்டும் வேறு வேறு.

இரண்டாவது, கேள்விகளைக் காகிதத்தில் எழுதுவது. நாலு மணிக்கு விழிப்பு வந்தால் கேள்விதான் மண்டையைக் குடையும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய டிரிப் ஷீட் கட்டு கிடக்கிறது, அதன் பின்பக்கத்தில் எழுதிப் போடுவேன். காலையில் படித்தால் பாதிக்கு மேல் அடிக்கலாம். "உப்பு குறைக்கணுமா" என்று ஒரு ராத்திரி மூன்று தடவை எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது நடை. உங்கள் அப்பா ராத்திரி நடக்கிறார், நான் காலையில் நடக்கிறேன். பத்மநாபபுரம் கோட்டை மதிலை ஒட்டி ஒரு சுற்று. இந்த மருந்துகளால் வருகிற அசதிக்கு நடையைவிட நல்லது இல்லை என்று டாக்டரே சொன்னார். எலும்பில் நோய் இருக்கிறவர்கள் எவ்வளவு தூரம், எவ்வளவு எடை தூக்கலாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 19

குளச்சல் டீச்சர் மேலே எழுதியிருந்தார்: அவர் கணவருக்கு ஊசி போட்டதிலிருந்து எதற்கெடுத்தாலும் எரிச்சல், சில நேரம் கண் கலங்குகிறது, அவர் இப்படிப்பட்ட ஆளே இல்லை என்று.

டீச்சர், இதில் மருந்துக்குப் பங்கு உண்டு. ஆண் ஹார்மோனை அடியோடு இறக்குவதுதான் இந்த வைத்தியம். அது இறங்கினால் மனசும் சேர்ந்து ஆடும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பஸ் மறியல், கல்லெறி எல்லாம் பார்த்தவன், எதற்கும் அசைந்ததில்லை. மத்தியான சீரியலில் யாரோ ஒரு மாமியார் மருமகளுக்கு வளையல் போட்டுவிட்டாள், நான் துண்டை வாயில் வைத்து அழுகிறேன். என் வீட்டுக்காரி கரண்டியோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "அந்த மாமியார் கொள்ளாதவ, நாளைக்கு வளையலைத் திருப்பி வாங்கிருவா, அழாதீங்க" என்றாள்.

அப்புறம் சூடு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பேன், நெஞ்சிலிருந்து காதுவரை தீ ஏறும், சட்டை நனையும், ரெண்டு நிமிஷத்தில் குளிரும். முதல் தடவை மாரடைப்பு என்று நினைத்துப் பாயசம் வரும் முன்னே எழுந்துவிட்டேன். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிறபோது வருவதும் இதுவும் ஒன்றுதான். வீட்டுக்காரி அதைக் கேட்டதும், "இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் தெரியுதா" என்று விசிறியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆண் ஹார்மோனை அடக்குகிற அபிராடெரோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கூடவே பிரெட்னிசோலோன் கொடுப்பார்கள். அது ஸ்டீராய்டு. சாயங்காலம் போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும், சும்மாவே ஒரு வெப்ராளம், ஒரு படபடப்பு இருக்கும். எனக்கு இருந்தது. டாக்டரிடம் சொன்னேன், காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றித் தந்தார். கேட்காமல் நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது, ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

ஜூன் 20

டீச்சர் கேட்கிறார், அப்படியானால் துக்கம் எல்லாம் மருந்துதானா என்று. நேற்று நான் எழுதியதைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். இல்லை டீச்சர். பாதி மருந்து என்றால் மீதி, எல்லாம் நம்மை விட்டுப் போகப்போகிறதே என்ற துக்கம்தான், அதற்கு ஊசி தேவையில்லை. ஆனால் எது எது என்று பிரித்துப் பார்த்தால் ஒரு வசதி உண்டு. மருந்தால் வருவதை டாக்டரிடம் சொல்லலாம், வேளையை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். மற்றதைச் சொல்ல உங்கள் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

ஜூலை 2

பார்க்க வருகிறவர்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் ஊரில் ஒருவனுக்கு நோய் என்றால் பஞ்சாயத்தே வரும். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. கையில் மட்டிப்பழம், ஹார்லிக்ஸ். வாயில் ஒரு சாவு. "இதே நோய்தான் எங்க பெரியப்பாவுக்கும். நல்லாத்தான் இருந்தார். திடீர்னு கால் ரெண்டும் விழுந்துபோச்சு." சொல்லிவிட்டு, "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்று முடிப்பார்கள். ஒருவர் ஜெபம் பண்ண வந்து, ஆண்டவரே இவருடைய கடைசி நாட்களில் என்று தொடங்கினார். கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தேன். அவர் மூடியே இருந்தார்.

என் வீட்டுக்காரி ஒரு வழி கண்டுபிடித்தாள். நாற்காலியை வராந்தாவில் போடுவாள், உள்ளே விட மாட்டாள், சாயா கொண்டுவரும்போதே ரப்பர் விலை என்ன என்று கேட்பாள். நம் ஆட்களிடம் ரப்பர் விலையைக் கேட்டால் அப்புறம் எவன் பெரியப்பாவும் நினைவுக்கு வர மாட்டார். ரப்பர் ஷீட் விலையிலிருந்து ஒட்டுப்பால் விலை, அங்கிருந்து மழையில் பால் வெட்டு நின்றுபோனது என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஹார்லிக்ஸும் பழமும் பேரனுக்கு. ஸ்டீராய்டும் ஹார்மோன் வைத்தியமும் சேர்ந்து சுகரை ஏற்றும், உங்கள் அப்பாவுக்கும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 3

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்று ஒருவர் சொன்னால் என்னதான் பதில் சொல்வது என்று கேட்ட குலசேகரம் தங்கச்சிக்கு: நான் "சரி" என்று சொல்வேன். வேறு என்ன சொல்ல.

ஜூலை 16

இது முக்கியம். குளச்சல் டீச்சரின் கணவருக்கு முதுகு வலி, ஒரு வர்ம ஆசானிடம் உழிச்சலுக்கு (எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது) கூட்டிப்போகலாமா என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களாம்.

வேண்டாம். வர்மத்தையும் ஆசான்மாரையும் மதிக்கிறவன் நான். தோள் இறங்கியபோது என்னைச் சரி செய்தது ஒரு ஆசான்தான். ஆனால் எலும்பில் கேன்சர் இருக்கிறவன் முதுகில் அழுத்துவது வேறு சங்கதி. உள்ளே எலும்பு அரித்தோ பலமிழந்தோ இருக்கலாம், அழுத்தினால் ஒடியும். நல்ல ஆசான் இதைக் கேட்டாலே கையை எடுத்துவிடுவார். அவரிடம் நோயை மறைத்துக் கூட்டிப்போகிறவர்கள்தான் பிரச்சினை.

எந்த வலிக்கு ஓடணும், எந்த வலிக்கு உட்காரலாம் என்று தெரியாததுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. ஒவ்வொரு சுளுக்கும் பரவிவிட்டது என்று தோன்றும். பலா ஏறிப் பறித்த வலிக்குக்கூட உயில் எழுத நினைத்தேன். (பலா ஏறினேனா என்று கேட்காதீர்கள், வீட்டில் படிக்கிறார்கள்.) டாக்டரிடம் கேட்டு வாங்கியது இது: முதுகில் புதிதாக வலி வந்து ஏறிக்கொண்டே போனால், படுத்தால் கூடினால், கால் மரத்தால், காலில் பலம் குறைந்தால், ஒண்ணுக்கு அடைத்தால், வெளிக்கு அடக்க முடியாமல் போனால், அன்றே ஆஸ்பத்திரி. ராத்திரியானாலும் சரி. முதுகெலும்புக்குள் இருக்கிற நரம்புத் தண்டை நோய் அழுத்துகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், சீக்கிரம் போனால்தான் கால் மிஞ்சும். அந்தப் பெரியப்பா கதையில் கால் விழுந்தது இதுவாகத்தான் இருக்கும், யாரும் அவரை நேரத்துக்குக் கூட்டிப்போயிருக்க மாட்டார்கள்.

மற்ற வலியை எழுதி வைத்து அடுத்த தடவை சொல்லலாம். இந்த வரிகள் எங்கள் பிரிட்ஜில் ஒட்டியிருக்கின்றன. ஒட்டின பிறகு சுளுக்கு சுளுக்காகவே இருக்கிறது.

டீச்சர், உங்கள் வீட்டுக்காரருக்கு வலி புதிது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

ஜூலை 18

டீச்சர் எழுதியிருக்கிறார். ஸ்கேன் எடுத்தார்கள், நரம்பில் அழுத்தம் இல்லை, ஒரு இடத்தில் எலும்பு வலிதான், கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கப் போகிறார்களாம், ஒரே ஒரு நாள். ஒரு நாள் வைத்தால் போதுமா, கைவிட்டுவிட்டார்களா என்று பயப்படுகிறார். இல்லை டீச்சர். எலும்பு வலிக்கு ஒரே தடவையில் கதிர்வீச்சைக் கொடுத்து முடிப்பது எங்கும் நடக்கிற முறை. வலி குறைய சில நாளிலிருந்து சில வாரம் ஆகலாம், அதுவரை மாத்திரை தருவார்கள்.

ஆகஸ்ட் 6

தனிச்செய்தியில் மூன்று பேர், மூன்று பேரும் ஆண்கள், ஒரே கேள்வி: ஊசியா ஆபரேஷனா, அதன் பிறகு தாம்பத்தியம் என்னாகும். பொதுவில் கேட்க வெட்கம். சரி, வெட்கம் எனக்கு ஏற்கெனவே ஆபரேஷனில் போய்விட்டது, நான் எழுதுகிறேன்.

டாக்டர் எனக்கு இரண்டு வழி சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, ஆயுசு முழுக்க. அல்லது ஆண் ஹார்மோன் சுரக்கிற விதைக்கொட்டை இரண்டையும் எடுக்கிற சின்ன ஆபரேஷன், ஒரே தடவை. நோயைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். இந்த வழியை 1941ல் அமெரிக்காவில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டர் காட்டினார், 1966ல் அவருக்கு நோபல் பரிசு. மகள் கூகுளில் பார்த்துச் சொன்னாள். நோபல் வாங்கின ஆபரேஷன் என்றால் கொஞ்சம் கௌரவமாக இருந்தது.

நான் ஆபரேஷனை எடுத்தேன். காரணம் காசு. அடுத்த ஊசிக்குப் பணம் எங்கே என்ற யோசனை மூன்று மாதமும் தலையில் நிற்கும், அது எனக்கு நோயைவிடப் பெரிய கவலை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் எந்த மருந்து எந்த ஆஸ்பத்திரியில் அதில் வரும் என்பதை அங்கே உள்ள காப்பீட்டு மேசையில் முன்கூட்டிக் கேளுங்கள், பில் வந்த பிறகு கேட்காதீர்கள். உங்களுக்கு ஊசி சரிப்படும் என்றால் ஊசியே போடுங்கள். எல்லாரும் என்னைப் போல் முடிவெடுக்கணும் என்று இல்லை. ஆபரேஷனைத் திருப்ப முடியாது, அதையும் யோசிக்கணும்.

அப்புறம் அந்த விஷயம். ஆசை போய்விடும். உடம்பும் ஒத்துழைக்காது. ஊசியானாலும் ஆபரேஷனானாலும் இதுதான். டாக்டர்கள் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டிவிடுகிறார்கள். நான் பல மாதம் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன். அவள் அதை என் கோபம் என்று நினைத்திருக்கிறாள். ஒருநாள் மரச்சீனிக்கிழங்கும் சாளைக்கறியும் வைத்துவிட்டு, "இப்ப எனக்கு வேண்டியது கூட உட்கார்ந்து கிழங்கு தின்ன ஒரு ஆள். அதுக்கு உங்களுக்கு வாய் இருக்குல்லா" என்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

பேசுங்கள். உங்கள் வீட்டுக்காரி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது, பேசாமல் இருந்தால் அவர் வேறு எதையோ நினைத்துக்கொள்வார் என்பது மட்டும் தெரியும்.

ஆகஸ்ட் 27

ஓண வாரத்தில் திருவனந்தபுரம் போகாதீர்கள். செக்கப் தேதி அதற்குள் விழுந்துவிட்டது. பாலராமபுரத்தில் பஸ் நின்றது நின்றதுதான். நான் அந்த ரூட்டில் ஓட்டியவன், பயணி சீட்டில் உட்கார்ந்து காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன்.

பக்கத்தில் ஒரு பாட்டி, நெய்யூர்க்காரர். அவர் அப்பாவுக்கு வயிற்றுப் புண்ணுக்குச் சாமர்வெல் டாக்டர் ஆபரேஷன் பண்ணினாராம். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியாது, அதனால் கொஞ்சம் எழுதுகிறேன். நெய்யூர் மருத்துவ மிஷன் 1838ல் தொடங்கியது. ஹோவர்ட் சாமர்வெல் 1922ல் எவரெஸ்ட் ஏற வந்த வெள்ளைக்காரர் கூட்டத்தில் ஒருவர், அறுவை சிகிச்சை டாக்டர். அது முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூரில் நோயாளிக் கூட்டத்தையும் டாக்டர் இல்லாததையும் பார்த்து, லண்டன் வேலையை விட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924ல் மறுபடி எவரெஸ்ட் போனார். இறங்கி வருகிறபோது தொண்டையில் ஏதோ அடைத்து மூச்சு நின்றுவிட்டது, முன்னே போகிற கூட்டாளியைக் கூப்பிடக் குரல் இல்லை. இதுதான் முடிவு என்று பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக நெஞ்சை இரண்டு கையாலும் அமுக்கி இருமினார், பனிக்காற்றில் உரிந்த தொண்டைத் தோல் வெளியே வந்து விழுந்தது. எழுந்து நடந்தார். அப்புறம் பல வருஷம் நம்ம ஊரில் மரச்சீனி தின்கிறவர்கள் வயிற்றையெல்லாம் அறுத்துத் தைத்தார்.

பாட்டி இதெல்லாம் சொல்லவில்லை, நான் படித்தது. பாட்டி சொன்னது ஒன்றே ஒன்று: "எங்கப்பன் தொண்ணூறு வரைக்கும் இருந்தாரு, எல்லாரையும் ஏசிக்கிட்டே இருந்தாரு."

பி.எஸ்.ஏ. 0.8. சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள்.

செப்டம்பர் 10

கேள்வி கேட்ட தம்பி மஸ்கட்டிலிருந்து எழுதியிருக்கிறார். அப்பாவிடம் சொல்லிவிட்டாராம். அப்பா நம்பரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, "வலி வருமா" என்று மட்டும் கேட்டாராம். பதில் சொல்லத் தெரியாமல் ஃபோனை வைத்துவிட்டார்.

நம் எல்லாருடைய நடையும் அங்கேதான் போய் நிற்கிறது தம்பி. சாவதுகூட இல்லை, வலியில் கத்திச் சாவது. நம் சின்ன வயதில் பார்த்தோமே, ஓலைக் கதவுக்குள்ளே கேட்ட சத்தம். அப்போது மருந்து இல்லை, இருந்த மருந்தும் கிடைக்கவில்லை.

இப்போது நிலைமை வேறு. கடும் வலிக்கான மார்பின் மருந்தை வாங்கித் தருவதில் முன்பு ஏகப்பட்ட லைசென்ஸ் தொல்லை. 2014ல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள். வலிக்கென்று அளவு பார்த்து டாக்டர் கொடுக்கிறபடி சாப்பிட்டால் அது பெரும்பாலும் போதைப் பழக்கத்தில் தள்ளாது. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து தருவார்கள். வலியையும் அவஸ்தையையும் குறைத்துப் பார்த்துக்கொள்கிற பாலியேட்டிவ் கேர் என்றால் கைவிட்ட கேஸ் என்று நம் பக்கம் நினைக்கிறார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அப்படி இல்லை. கேரளா 2008லேயே இதற்கென்று அரசுக் கொள்கை போட்டது, அங்கே நர்ஸ் வீட்டுக்கு வருவது சாதாரணம். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற அமைப்பு இருக்கிறது. நம் பக்கம் 2021ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து பார்க்கிற பாலியேட்டிவ் சேவை சேர்ந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அப்பா பெயரைப் பதியச் சொல்லுங்கள். வலி வந்த பிறகு தேட வேண்டாம், இப்போதே.

அப்பாவிடம், "வரலாம்ப்பா, வந்தால் இன்ன மருந்து, இன்ன ஆள் என்று கேட்டு வைத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். வராது என்று சொல்லாதீர்கள்.

செப்டம்பர் 11

எலும்பைப் பலப்படுத்தப் போடுகிற ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசி பற்றிக் கேட்டவருக்கு: போடும் முன் பல் டாக்டரிடம் போய்விடுங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதலில் பிடுங்கணும். ஊசிக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகிற ஆபத்து உண்டு, சிலருக்குத்தான், ஆனாலும்.

அக்டோபர் 22

மழை. கரண்ட் இல்லை. ஃபோனில் தட்டுகிறேன், சுருக்கமாக.

பெயர் போடாத ஒருவர் "இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்" என்று எழுதியிருந்தார், கீழே இரண்டு பேர் தைரியமாக இருங்கள் என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஐயா, இது தைரியத்தால் சரியாகிற விஷயம் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல், செத்தால் தேவலை என்ற நினைப்பு வந்துபோனால், அதற்கும் வைத்தியம் இருக்கிறது. 14416க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரி பகல் எப்போதும், தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104லும் பேசலாம். வீட்டில் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். உங்கள் கேன்சர் டாக்டரிடமும் சொல்லுங்கள், மருந்தில் ஏதாவது மாற்ற வேண்டியிருக்கலாம்.

நான் மனநல டாக்டரிடம் போனவன். நாகர்கோவிலில். தெரிந்தவர் யாரும் பார்க்கக் கூடாது என்று குடையை இறக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். உள்ளே போய் உட்கார்ந்தால் எங்கள் டிப்போ பழைய கண்டக்டர் எதிரே இருக்கிறார். ரெண்டு பேரும் சும்மா மழைக்கு ஒதுங்கினதாகப் பேசிக்கொண்டோம். டோக்கன் மட்டும் ரெண்டு பேர் கையிலும்.

அக்டோபர் 24

பெயர் போடாத ஐயா பதில் போட்டிருக்கிறார், பேசினாராம். நல்லது. இங்கே எழுதிக்கொண்டே இருங்கள், எதையாவது. ரப்பர் விலையானாலும் சரி.

டிசம்பர் 4

சவேரியார் திருவிழா முடிந்தது, கோட்டாற்றில் கடலை மிட்டாய் வாங்கினேன், தின்னக் கூடாது, தின்றேன்.

பி.எஸ்.ஏ. ஏறுகிறது. முதலில் 1.9, மறுபடி எடுத்ததில் 3.4. ஆண் ஹார்மோன் அடிமட்டத்தில் இருந்தும் ஏறுகிறது என்றால் நோய் இந்த வைத்தியத்துக்குப் பழகிக்கொண்டது என்று அர்த்தமாம். ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார், அதன் பிறகு டோசிடாக்செல் கீமோ பற்றிப் பேசலாம் என்றார். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை.

பயம் இல்லை என்று எழுதினால் இதுவரை எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். இருக்கிறது. நேற்று ராத்திரி வராந்தாவில் நானும் நடந்தேன், கருங்கல் அப்பாவுக்கு ஒரு கூட்டு. வீட்டுக்காரி வெளியே வந்து, "நடக்கிறதுன்னா கேட்டையும் பூட்டிட்டு நடங்க" என்றாள்.

மகளிடம் நம்பரைச் சொல்லிவிட்டேன். அவள் சாயா போட்டாள், சீனி போடவில்லை.

டோசிடாக்செல் போட்டவர்கள் இங்கே இருந்தால் விரல் மரத்துப்போவது பற்றியும், எத்தனையாவது நாள் அசதி அதிகம் என்பது பற்றியும் எழுதுங்கள். முடி கொட்டுவது பற்றி வேண்டாம், கொட்ட என்னிடம் இல்லை.